காக்காவின் கப்பலுக்கு நான் மாட்டிய பிரேக்கு

பிரேக் பிடிக்காமல் கெட்டவர்களைப் பற்றி ஊரில் நிறையக் கதை உண்டு. பிரேக் பிடித்துக் கெட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். பிடித்தது என்றால் சாதாரணமாகப் பிடிக்கவில்லை. பிடித்த பிடியை விடவே இல்லை.

தனுஷ்கோடி தனுஷ்கோடியாக இருந்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. கீழக்கரையில் சீனிக் காக்காவின் வேனுக்கு டிரைவர், மெக்கானிக், கிளீனர் மூன்றும் நான்தான். (திட்டு மட்டும் மூன்று பேருக்கும் தனித்தனியாக வரும்.) காக்கா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்களுக்கு அண்ணன். காக்காவின் முன்னோர்களுக்குக் கப்பல் ஓடியது. அப்புறம் தோணி. காக்கா தலையெடுத்தபோது மிஞ்சியது, யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட ஒரு வேன். அதையும் அவர் கப்பல் என்றே சொல்லுவார். முன்சீட்டுக்கு அணியம் என்று பேர், பின்சீட்டுக்கு அமரம். வாடகைக்கு வருகிறவர்களிடம், "ரெண்டு பேரு அணியத்துல ஏறுங்க, மிச்சப் பேரு அமரத்துக்குப் போங்க" என்பார். வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

அந்தக் கப்பலுக்கு இருந்தது கம்பி பிரேக்கு. மிதியை மிதித்தால் அது ஒரு கம்பியை இழுக்கும், அந்தக் கம்பி இன்னொரு கம்பியை இழுக்கும், இப்படிச் சேதி சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். கடைத்தெருவில் நிற்க வேண்டுமென்றால் பள்ளிவாசல் திருப்பத்திலேயே நான் மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். மிதி தொளதொளவென்று பாதி தூரம் சும்மாவே போகும். அந்தத் தொளதொளப்பை ஒழிப்பதுதான் என் இலட்சியமாக இருந்தது. தினமும் காலையில் கம்பியை இறுக்குவேன். சாயங்காலம் அது மறுபடி தளர்ந்திருக்கும். மிதியில் ஆட்டம் இருந்தால் மெக்கானிக்குக் கேவலம் என்பது எனக்கு வேதம்.

இந்த நிலையில் கொழும்பிலிருந்த காக்காவின் மைத்துனர் ஒரு மரப்பெட்டி அனுப்பினார். உள்ளே ஆயில் பிரேக்கு செட்டு. எண்ணெய் நிற்க ஒரு சிலிண்டர், எண்ணெய் ஓடச் செம்புக் குழாய்கள், கூடவே மத்தளம் போல ஒரு டப்பா. அந்த மத்தளம்தான் பவர். என்ஜின் காற்றை உறிஞ்சுகிற உறிஞ்சலை வைத்து அது நம் காலுக்குக் கைகொடுக்கும். பெருவிரலால் தொட்டால் போதும், வண்டி நின்றுவிடும்.

பெட்டிக்குள் ஒரு காகிதமும் இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ், அதை நான் மரியாதையாக ஒதுக்கிவிட்டேன். படம் மட்டும் பார்த்தேன். மிதியிலிருந்து வரும் தள்ளுகம்பிக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டு வரைந்திருந்தார்கள். அதற்கு ஓர் அம்புக்குறி வேறு.

"வெள்ளைக்காரன் படம் போட்ட லட்சணத்தைப் பாருங்க காக்கா. கோடு போய்ச் சேரவே இல்ல" என்று காட்டிச் சிரித்தேன்.

"கை நடுங்கியிருக்கும்" என்றார் காக்கா. அவரும் சிரித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். (அவர் எதையும் தூரப் போடமாட்டார். அது எனக்கு எப்படி வினையாக வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

படத்தில் சேராத கோட்டை வண்டியில் நான் சேர்த்துவைத்தேன். மயிரிழைகூட ஆட்டமில்லாமல் தள்ளுகம்பியை முறுக்கி, நட்டை இறுக்கி, அது என்றைக்கும் தளர்ந்துவிடக் கூடாதே என்று மேலே செம்புக் கம்பியும் சுற்றினேன். பள்ளிவாசலிலிருந்து கடைத்தெருவரைக்கும் ஓட்டிக் காட்டினேன். தொட்டேன், நின்றது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு என் தலை இருந்த உயரத்துக்கு வேனின் கூரையில் ஓட்டை போட்டிருக்க வேண்டும்.

ஆயில் பிரேக்கோடு கப்பல் போன முதல் நெடும்பயணம், காசிமை ரயிலேற்ற.

காசிம் எனக்கு மச்சான் முறை. (இரத்தத்தில் வந்ததில்லை. ஒரே வாத்தியாரிடம் ஒரே பிரம்பால் அடி வாங்கியதில் வந்தது.) கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. பெண்டாட்டி மரியத்துக்குப் பேறுகாலம் என்று மூன்று மாத லீவில் வந்தவன், பிள்ளை பிறக்கக் காணோம் என்று இரண்டு முறை லீவை நீட்டினான். சொன்ன நாள் தாண்டிப் பத்து நாளாகியும் பிள்ளை அசையவில்லை. முதலாளியிடமிருந்து கடைசிக் கடிதம் வந்துவிட்டது: வெள்ளிக்கிழமை காலையில் கடையில் இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆள். அதற்குப் புதன்கிழமை ரயிலைப் பிடித்துத் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறியாக வேண்டும். இந்த முறை போனால் திரும்ப இரண்டு வருஷம். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வாப்பா என்பவர் முதலில் ஒரு கடிதம், பிறகு ஒரு போட்டோ, மூன்றாவதாகத்தான் ஆள். காசிமின் பிள்ளைக்கும் அதுதான் நசீபு என்று எல்லாரும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலையில் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அணியத்தில் காக்கா. அமரத்தில் காசிம், அவனுடைய டிரங்குப் பெட்டி, மாமியார் ஆமினாம்மா, அவர் மடியில் ஒரு டின் நிறையத் தேங்காய்ப்பாலில் கிண்டிய இனிப்பு, தொதல். கீழக்கரைத் தொதல் இல்லாமல் கொழும்புக்கு எவனும் போனதில்லை. பாஸ்போர்ட்டை மறந்தவன் உண்டு. கடைசியாக வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு மரியமும் ஏறினாள்.

"நீ எங்கடீ வாரே? வண்டி குலுக்குற குலுக்குல ரோட்டுலேயே பெத்துப்புட்டா?" என்றார் ஆமினாம்மா.

"டேசன் வரைக்கும் வாரேம்மா. அவுக ஏறுறதைப் பாத்துட்டுத் திரும்பிருவேன்" என்றாள் மரியம். கையில் ஓதி உருட்டுகிற தஸ்பீ மணி இருந்தது.

திருப்புல்லாணிவரைக்கும் நன்றாகத்தான் போனோம். அதற்குப் பிறகு வண்டி கனத்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த என்ஜின் முனகுகிறது, வண்டி நகர மறுக்கிறது.

"என்னலே, மாடு செக்கு இழுக்குற மாதிரி போகுது?" என்றார் காக்கா.

"எதிர்க்காத்து காக்கா."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஏழு தலைமுறையாகக் காற்றைப் பார்த்துப் பிழைத்த குடும்பம் அது. காக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார்.

"ஏலே முனியா. ஆடி மாசம். கச்சான் காத்து அமரத்துலேருந்து தள்ளிக்கிட்டு இருக்கு. வடக்க போறவனுக்கு இதுவாலே எதிர்க்காத்து? பாயை விரிச்சிருந்தா இந்நேரம் ராமநாதபுரத்துல நங்கூரம் போட்டிருக்கலாம்."

"என்னமோ கருகுது" என்றார் ஆமினாம்மா.

"புது பிரேக்குன்னா கொஞ்சம் வாசம் வரும்மா."

"புது மாப்பிளைக்குக்கூட இம்புட்டு வாசம் வராது. பின்னாடி புகையுதுடா."

இறங்கிப் பார்த்தேன். நான்கு சக்கரத்துக்குள்ளும் பிரேக்கு டிரம்மு கொதித்தது. எச்சில் தொட்டு வைத்தேன்; தோசைக்கல் போலச் சீறியது. காலை எடுத்த பிறகும் பிரேக்கு சக்கரத்தை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. சரி, உள்ளே இருக்கும் பிரேக்குக் கட்டைகளை டிரம்முக்கு ரொம்ப நெருக்கி வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டி, அடியில் படுத்து நான்கையும் தளர்த்தினேன். அரைமணி நேரம் ஆனது. எழுந்து வண்டியை எடுத்தால் பூப்போல ஓடியது.

"பாத்தீங்களா?" என்றேன் பெருமையாக.

ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி கிழக்கே சின்னதாகிக்கொண்டிருந்தது.

காசிம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். காக்காதான், "எடுலே வண்டியை. மண்டபத்துல அது ரொம்ப நேரம் நிக்கும். ரோடு தண்டவாளத்தை ஒட்டித்தான் போகுது, பிடிச்சிரலாம்" என்றார்.

எடுத்தேன். மூன்றாவது மைலில் மறுபடி கவ்வியது.

இந்த முறை பழியை மத்தளத்தின் மேல் போட்டேன். பவர்தான் காலை எடுத்த பிறகும் தானாக அமுக்குகிறது என்று கண்டுபிடித்து, அதற்குப் போகும் குழாயைப் பிடுங்கி, ஓட்டையில் காக்காவின் துண்டைக் கிழித்து அடைத்தேன். திரும்பிப் பார்த்தால் மரியம் கண்ணை மூடித் தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு மனசு உருகிவிட்டது.

"நல்லாக் கேளும்மா தங்கச்சி. இனிமே உன் துஆதான் வேலை செய்யணும்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சட்டென்று மறுபடி மூடிக்கொண்டாள்.

வண்டி ஓடியது. ஓடியது மட்டுமில்லை, உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம், நடுவில் ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்பிய ரயிலையே எட்டிப் பிடித்துவிட்டோம். சாலையும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில். காசிம் ஜன்னல் வழியாக உடம்பில் பாதியை வெளியே விட்டுக் கையை ஆட்டுகிறான். ரயிலில் இருந்தவர்கள் பதிலுக்குக் கையை ஆட்டுகிறார்கள். காக்கா எழுந்து நின்று, "விடாதலே, விடாதே" என்கிறார். நானும் ஏதோ பந்தயக் காளையை ஓட்டுகிறவன் போல ஒரு சத்தம் கொடுத்தேன்.

நாக்கு உள்ளே போவதற்குள் பிரேக்கு கவ்வியது. ரயில், கல்யாண வீட்டில் கடன் கேட்டவனைப் பார்க்காதது போலப் போகும் பெரிய மனுஷன் மாதிரி, எங்களைத் தாண்டிப் போனது.

அங்கன ஓர் ஊருணி இருந்தது. தண்ணீர் மொண்டு சக்கரத்தில் ஊற்றலாம் என்றால் பாத்திரம் இல்லை. எல்லார் கண்ணும் ஆமினாம்மாவின் மடிக்குப் போனது.

"தொதலைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்."

"மாமி, வேலை போயிரும்" என்றான் காசிம். அவ்வளவுதான் சொன்னான்.

ஆமினாம்மா தொதலை மொத்தமாக ஒரு பனையோலையில் கவிழ்த்து மகள் மடியில் வைத்துவிட்டு, டின்னை என் கையில் கொடுத்தார். அந்த அம்மா மருமகனுக்காகச் செய்த அதைவிடப் பெரிய தியாகத்தை நான் பார்த்ததில்லை. டின் டின்னாகத் தண்ணீர் ஊற்றினேன். (சூடான டிரம்மில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். இதுவும் பிறகு தெரிந்துகொண்டதுதான்.) வண்டி மறுபடி ஓடியது.

மூன்று முறை நின்றதற்கு மூன்று நோய் கண்டுபிடித்து மூன்று வைத்தியம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் குணமானது. என் வைத்தியத்தால் அல்ல. நான் அடியில் படுத்து வைத்தியம் பார்த்த நேரத்தில் வண்டி ஆறியதால். அது இந்த முட்டாளுக்குத் தெரியவில்லை.

மண்டபம் போய்ச் சேர்ந்தபோது ரயில் பாலத்தில் ஏறிவிட்டது. பாம்பன் பாலத்தில் ரயில் நடைவேகத்தில்தான் போகும். ஓடி ஓடித் தவறவிட்ட ஒன்று அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நிதானமாக, கண்ணெதிரே கடலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது. காசிம் கையில் பெட்டியோடு கடைசிவரை நின்று பார்த்தான்.

வேன் நடுரோட்டில் இறுகி நின்றது. நான் அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். பழுது பார்க்க என்று சொல்ல முடியாது. முகத்தை மறைக்க வேறு இடமில்லை. காசிம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"விடு மச்சான். வெளிய வா."

"நீ போ மாப்பிளை. நான் இங்கனயே கிடக்கேன்."

"வேலை போனா போகுது. வேனுக்குக் கீழ குடித்தனம் பண்ண முடியுமா? வா."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆத்திரத்தில், சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற சின்னத் திருகை ஸ்பானரால் திருப்பினேன். சூடான எண்ணெய் பீச்சிக்கொண்டு மூஞ்சியில் அடித்தது. 'டக்' என்ற சத்தத்தோடு சக்கரம் விட்டுக்கொடுத்தது.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மிதித்தால் எண்ணெய் சக்கரத்துக்குப் போகிறது. காலை எடுத்தால் அது வீடு திரும்ப வேண்டும். திரும்புவதற்குச் சிலிண்டரில் ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை. பிஸ்டன் முழுசாகப் பின்வாங்கினால்தான் அந்த ஓட்டை திறக்கும். நானோ தள்ளுகம்பியை மயிரிழைகூட விடாமல் முறுக்கி, பிஸ்டனை அந்த வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். போன எண்ணெய்க்குத் திரும்ப வழியில்லை. சூடு ஏற ஏற அது உப்பி, இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. கட்டையிலும் குற்றமில்லை, மத்தளத்திலும் குற்றமில்லை.

செம்புக் கம்பியைப் பிரித்தேன். நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். நான்கு சக்கரமும் விடுதலை. மொத்த வேலை ஐந்து நிமிஷம்.

வெளியே வந்தபோது காக்கா சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்து வைத்திருந்தார். மயிரிழை இடைவெளியை, அம்புக்குறியை, என் மூஞ்சியில் வழிந்த எண்ணெயை, மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெள்ளைக்காரனுக்குக் கை நடுங்கல போலருக்கேலே" என்றார்.

திரும்பி வரும்போது வண்டி பறந்தது. எதிர்க்காற்று, நிஜமான கச்சான், மூஞ்சியில் அறைந்தது, அப்படியும் பறந்தது.

"இந்த வேகத்தைப் போகையில எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார் ஆமினாம்மா. பிறகு தொதலைப் பிய்த்து எல்லாருக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். எனக்குக் கடைசியாக, ஆனால் கொஞ்சம் பெரிசாக. ராமநாதபுரத்தில் இறங்கிக் காக்கா கொழும்புக்குத் தந்தி கொடுத்தார். ரயில் தவறியதற்கு வேன்தான் காரணம், காசிம் காரணமல்ல என்று.

வியாழன் முழுக்க நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை, காசிம் கொழும்புக் கடையில் நின்றிருக்க வேண்டிய அதே காலை வேளையில், மரியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. வண்டி குலுக்கிய குலுக்கல் என்றார் ஆமினாம்மா. காசிம் பிள்ளையை வாங்கி, பிறந்த பிள்ளைக்குச் சொல்லும் பாங்கை அதன் வலது காதில் தானே சொன்னான். பெற்ற வாப்பாவே பாங்கு சொன்ன பிள்ளை அந்தத் தெருவில் ரொம்ப நாளைக்கு அது ஒன்றுதான். பாதியில் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டதாம். கேட்டால் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டான்.

காக்கா இரண்டாவது தந்தி கொடுத்தார். சனிக்கிழமை பதில் வந்தது: "பேர் வைத்துவிட்டு வரவும். வேலை இருக்கிறது." கடிதத்தில் அவ்வளவு கறாராக எழுதிய முதலாளியும் எங்கள் ஊர்க்காரர்தான். அவருக்கு நான்கு பிள்ளைகள். நான்கும் பிறந்த சேதி அவருக்குத் தந்தியில்தான் வந்தது.

ஏழாம் நாள் ஹபீபா என்று பேர் வைத்தார்கள். வாசலில் நின்ற என்னைக் காசிம் உள்ளே இழுத்துப் போனான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து மரியம் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அன்னைக்கு வேனுல நான் துஆ கேட்டேன்ல."

"ஆமாம்மா. எனக்காகத்தானே."

"வண்டி போய்ச் சேரக் கூடாதுன்னு கேட்டேன்ணே. நீங்க ஒவ்வொரு தடவை அடியில படுக்கையிலும், 'ரப்பே, இவரு கண்டுபிடிச்சிரக் கூடாது'ன்னு கேட்டேன். நீங்க பாவம், நல்லாக் கேளுன்னு வேற சொன்னீங்க."

எனக்கு இருந்த பாரமெல்லாம் இறங்கிப் போனது. படைத்தவனே எதிர்த்தரப்பில் நிற்கும்போது ஒரு ஸ்பானர் என்ன செய்துவிட முடியும்?

காசிம் அதற்கு மறுநாள் கிளம்பினான். நான்தான் ஓட்டினேன். மரியம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் வேனின் சக்கரத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பிரேக்கு ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷனில் நின்றோம். நான் செய்த நல்ல ரிப்பேர்களில் எனக்குப் பிடிக்காத ரிப்பேர் அது ஒன்றுதான்.

ஹபீபாவுக்கு வீட்டில் பேர் 'பிரேக்கு'. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால், "விடுங்க, முனியன் மாட்டுன பிரேக்கு, அதுவா ஆறுனாத்தான் நகரும்" என்பார் ஆமினாம்மா. அவள் கல்யாணத்தன்று பெண்கள் பந்தியில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. ரயில் என் வேனைத் தாண்டிப் போகும் இடத்தை ஆளாளுக்கு நடித்துக் காட்டினார்களாம்.

போன மாதம் அவள் மாப்பிள்ளை துபாய்க்குக் கிளம்பினார். மெட்ராஸ் போய் விமானம். ரயிலேற அதே ராமநாதபுரம், அதே ரோடு. ஹபீபா என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு டின் தொதல். முந்தின நாள்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதாக மரியம் சொல்லியிருந்தாள்.

"மாமா, இவுகளை டேசனுக்கு நீங்கதான் கொண்டுபோய் விடணும். அந்தக் கப்பல் இன்னும் இருக்கா?"

"அது எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருச்சும்மா. இப்ப இருக்கது புது வண்டி."

"புது வண்டியிலயும் அந்த நட்டு இருக்கும்ல?"

"இருக்கும்."

அவள் தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் இறுக்கி வைங்க மாமா" என்றாள்.

அவர் கிளம்புகிற அன்று காலை, எல்லாரும் ஏறுவதற்கு முன்னால், வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தேன். முதுகு வலிக்கிற வயசு. ஸ்பானரை வைத்து ஒன்றரைச் சுற்று. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.